கெர்னலின் மரண வாக்குமூலம்

எது நின்றுபோனாலும் முதலில் லாகைப் பார் என்று நாமெல்லாம் ஊருக்கு உபதேசம் செய்துகொண்டிருக்கிறோம். ராஸ்பெரி பை மாதிரிக் கையளவு போர்டில் கெர்னலே விழுந்துவிட்டால் அந்த உபதேசம் செல்லாக்காசு. லாகை எழுதுவதும் ஒரு சாதாரணப் புரோகிராம்தான். அது எழுத ஃபைல் சிஸ்டம் வேண்டும், எஸ்டி கார்டு டிரைவர் வேண்டும், இரண்டையும் ஓட்டக் கெர்னல் உயிரோடு இருக்க வேண்டும். கெர்னல் போனபின் யார் எழுதுவது? போதாக்குறைக்கு, சிஸ்டம்டி-யின் ஜர்னல் சாதாரணச் செய்திகளை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறைதான் கார்டில் உறுதியாக இறக்கி வைக்கும். மிக அவசரம் என்று முத்திரை குத்தியவற்றை மட்டும்தான் உடனே எழுதும். அதனால் மறுபடி பூட் செய்து முந்தைய ஓட்டத்தின் லாகைத் திறந்தால், ஏதோ ஒரு கிரான் வேலை ஒழுங்காக முடிந்ததாக ஒரு வரி இருக்கும். அதோடு சரி.

நேரத்தையும் நம்ப முடியாது. பை 5 வருவதற்கு முன்பு வந்த மாடல்களில் கடிகாரச் சிப்பே கிடையாது. மணிக்கு ஒருமுறை நேரத்தை ஒரு ஃபைலில் குறித்து வைத்துக்கொண்டு, அடுத்த பூட்டில் அங்கிருந்து எண்ணத் தொடங்கும். நெட் கிடைத்து நேரம் சரியாகிற வரைக்கும் லாகில் இருப்பதெல்லாம் கற்பனை நேரம். 'மூன்றே காலுக்கு நின்றது' என்று லாகை வைத்துச் சொல்பவர் எவராக இருந்தாலும் ஒரு மணி நேரம் முன்னே பின்னே வைத்துத்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பெரிய சர்வர்களில் இதற்கென்றே கே-டம்ப் என்று ஒரு ஏற்பாடு உண்டு. செத்த கெர்னலின் நினைவகத்தை இன்னொரு கெர்னல் எழுந்து அள்ளி எடுத்து வைக்கும். ஒரு ஜிபி ராமோடு ஓடுகிற போர்டில் அதற்கு இடம் ஒதுக்க யாருக்கு மனசு வரும்? ஆக, சின்ன போர்டில் முதல் வேலை துப்புத் துலக்குவது இல்லை, சாட்சிக்கு ஆள் போடுவது. சாகிற நேரத்தில் கெர்னல் ஒரு வாக்குமூலம் கொடுத்துவிட்டுத்தான் சாகிறது. கேட்கப் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்தப் பதிவுக்குக் காரணம் கோபி பக்கத்தில் இருக்கும் எங்கள் மாமாவின் பட்டுப்புழு மனை. அங்கே ஒரு பை 3 பி பிளஸ் ஓடுகிறது. வெப்பம், ஈரப்பதம் இரண்டையும் சென்சாரில் படித்து, காற்று காய்ந்தால் ரிலே வழியாக ஃபாகர் மோட்டாரை ஓட விட்டு, போதுமான ஈரம் வந்ததும் நிறுத்தும். மனை வீட்டிலிருந்து தள்ளி இருப்பதால், பையில் உள்ள வைஃபை எட்டவில்லை. வெளியே ஆன்டெனா நீட்டிய யுஎஸ்பி வைஃபை டாங்கிள் ஒன்றைச் செருகியிருந்தோம். அது ஏதோ ஊர் பேர் தெரியாத கம்பெனிச் சரக்கு. பின்னால் வரப்போகிறது, ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு மதியம் போன் வந்தது.

"மாப்ள, பொட்டி மறுக்காவும் நின்னுபோச்சு. மோட்டார் பாட்டுக்கு ஓடிட்டே கெடக்குது, மனையெல்லாம் ஒரே ஈரம்."

"லைட்டு எரியுதுங்களா மாமா? செவப்பு லைட்டு?"

"எரியுது. மோட்டார் எடுக்கறப்ப மட்டும் ஒரு கண்ணு சிமிட்டுது. அதுக்கென்ன இப்ப?"

"அதுதானுங்க மாமா விஷயமே."

பாதி பதில் அந்தச் சிமிட்டலில் இருந்தது. மீதிக்கு வருவதற்கு முன், மோட்டார் ஏன் ஓடிக்கொண்டே இருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். கெர்னல் விழுந்ததும் பையின் கால்களில் இருக்கும் மின்னழுத்தம் தானாக இறங்கிவிடாது. கடைசியாக எழுதிய மதிப்பு அப்படியே நிற்கும். ரிலேவை ஆன் செய்த நேரத்தில் கெர்னல் போனால் ரிலே ஆனிலேயே கிடக்கும். வீட்டுத் தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிற பை என்றால் செடிக்குக் கொஞ்சம் கூடுதல் தண்ணீர், போகட்டும். ஐந்தாம் பருவத்துப் புழு இருக்கிற மனையில் ஈரம் அளவு மீறினால் சுண்ணாம்புக்கட்டி நோய் வந்து தட்டுத் தட்டாகக் கொட்ட வேண்டியதுதான். ஆகவே ரீபூட் பண்ணினால் சரியாகிவிடுகிறதே என்று விட முடியாது.

சிவப்பு விளக்கு. பி பிளஸ் காலத்திலிருந்து, ஜீரோ வரிசையைத் தவிர்த்து, பை போர்டுகளில் மின்னழுத்தம் ஏறக்குறைய 4.63 வோல்ட்டுக்குக் கீழே போகிறதா என்று பார்க்க ஒரு சர்க்யூட் உண்டு. போனால் சிவப்பு விளக்கு அணையும், கெர்னல் லாகில் 'அண்டர் வோல்ட்டேஜ் டிடெக்டட்' என்று வரி விழும். எட்டிப் பார்க்க ஆள் இல்லாத இடத்தில் விசிஜென்சிஎம்டி கருவியில் 'கெட் த்ராட்டில்ட்' என்று கேட்டால் போதும். பதினாறடிமானத்தில் ஒரு எண் கொடுக்கும். பூஜ்ஜியம் வந்தால் நிம்மதி. 50005 வந்தால் கடைசி 5, இந்த நொடியில் அழுத்தம் குறைவு, அதனால் வேகத்தையும் குறைத்திருக்கிறேன் என்கிறது. முதல் 5, பூட் ஆனதிலிருந்து எப்போதோ இதே இரண்டும் நடந்திருக்கிறது என்கிறது. மாமாவின் பையில் வந்தது 50000. இப்போது சுகம், இடையில் மூச்சு முட்டியிருக்கிறது.

சார்ஜரின் மேல் 5 வோல்ட், 2.5 ஆம்பியர் என்று போட்டிருந்தது. அது பொய்யில்லை என்றே வைத்துக்கொள்வோம். கேபிளைப் பார்த்தேன். உறையின் மேல் பொடி எழுத்தில் 28 ஏடபிள்யூஜி. இந்தத் தடிமன் செம்புக் கம்பிக்கு மீட்டருக்கு 0.21 ஓம் தடை. மின்சாரம் போகவும் வேண்டும், திரும்பவும் வேண்டும், ஆக ஒரு மீட்டர் கேபிளில் 0.42 ஓம். பையும் டாங்கிளும் சேர்ந்து ஒரு ஆம்பியர் இழுத்தாலே 0.42 வோல்ட் கம்பியிலேயே காலி. சார்ஜர் முனையில் 5 வோல்ட், போர்டு முனையில் 4.58. வரம்பு 4.63. இவ்வளவுதான் கணக்கு. 'புது சார்ஜர்ங்க, பெரிய கம்பெனி' என்று சொல்கிறவர்களிடம் நான் கேபிளைக் காட்டச் சொல்வது இதனால்தான். பைக்கென்று விற்கும் அடாப்டர்கள் 5.1 வோல்ட் தருவதும், கேபிளைத் தடித்ததாகப் போட்டு அடாப்டரோடு நிரந்தரமாகச் சேர்த்துவிட்டிருப்பதும் இந்த அரை வோல்ட்டைப் பார்த்துத்தான்.

ஜிபிஐஓ வரிசையில் 2-ஆம் கால் 5 வோல்ட், 6-ஆம் கால் கிரவுண்ட். மல்டிமீட்டரை அங்கே வைத்தால் சார்ஜர் என்ன கொடுக்கிறது என்பதைவிட போர்டுக்கு என்ன வந்து சேர்கிறது என்று தெரியும். ஆனால் மல்டிமீட்டர் சராசரியைத்தான் காட்டும். மோட்டார் எடுக்கிற கணத்தில் விழும் சில மில்லிசெகண்ட் பள்ளம் அதன் கண்ணில் படாது. சிங்கிள் பேஸ் மோட்டார் கிளம்புகிறபோது ஓடுகிற கரண்ட்டைப் போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். மனையின் வயரிங் நீளம், அழுத்தம் சரிகிறது. சார்ஜருக்குள் இருக்கும் கண்டன்சர் தாக்குப்பிடிக்காமல் அந்தச் சரிவு அப்படியே பைக்கு வந்து சேர்கிறது.

அடாப்டரை மாற்றினேன். கிராஷ் குறைந்தது. நிற்கவில்லை. இங்கேதான் பலரும் கெர்னல் மேல் பழியைப் போட்டுவிட்டு ஓஎஸ்ஸைத் திரும்ப ஏற்றுகிறார்கள்.

சின்னக் கிளைக்கதை ஒன்று. 2015 பிப்ரவரியில் பை 2 வந்த புதிதில், அதை போட்டோ எடுத்தால் போர்டு நின்றுபோகிறது என்று ஒருவர் கண்டுபிடித்தார். கேமராவின் செனான் ஃபிளாஷ் பட்டால் போதும், உடனே ஆஃப். பவர் சப்ளைப் பகுதியில் யு16 என்று குறித்திருந்த ஒரு சிப், உறை இல்லாத வெறும் சிலிக்கானாகப் பலகையில் ஒட்டப்பட்டிருந்தது. பளீர் வெளிச்சம் நேராகச் சிலிக்கானில் பட்டு, ஒளிமின் விளைவில் சிப் குழம்பி, அழுத்தம் விழுந்தது. போன் கேமராவின் எல்இடி ஃபிளாஷுக்கு ஒன்றும் ஆகவில்லை, செனானுக்கும் லேசர் பாயின்டருக்கும்தான் இப்படி. வைத்தியம்: சிப்பின் மேல் கொஞ்சம் ஒட்டுப்பசையை அப்புவது. மென்பொருள்காரன் எத்தனை வருஷம் லாகைப் புரட்டினாலும் இதைக் கண்டுபிடித்திருப்பானா? போர்டு கம்ப்யூட்டரில் கெர்னலைச் சந்தேகிப்பதற்கு முன் கரண்ட்டைச் சந்தேகி என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு இந்தக் கதையும் ஒரு காரணம்.

கரண்ட்டுக்கு அடுத்த இடம் எஸ்டி கார்டுக்கு. அதை வேகமாகத் தாண்டிவிடலாம், ஏனென்றால் கார்டு கெட்டால் அது கத்திச் சொல்லும். எம்எம்சி என்று தொடங்கும் வரிகளில் கழித்தல் 110 வந்தால் கார்டு பதில் சொல்லவில்லை, கழித்தல் 84 வந்தால் சொன்ன பதில் வழியில் கெட்டுவிட்டது. பூட்டிலேயே 'ரூட் ஃபைல் சிஸ்டத்தை ஏற்ற முடியவில்லை' என்று பேனிக் ஆனால் அடைப்புக்குறியில் உள்ள இரண்டு எண்களைப் பாருங்கள்: 179, 2 என்றால் கார்டு தெரிகிறது, அதன் இரண்டாம் பார்ட்டிஷன்தான் படிக்க லாயக்கில்லை, 0, 0 என்றால் ரூட் எது என்றே கெர்னலுக்குத் தெரியவில்லை. கொள்ளளவைக் கூட்டிப் போட்டு விற்கிற போலிக் கார்டுகளைப் பிடிக்க எஃப்3 என்று ஒரு கருவி இருக்கிறது. கார்டு முழுக்க எழுதித் திரும்பப் படித்துப் பார்க்கும். மாமாவின் கார்டு தேறிவிட்டது.

இனி சாட்சி. டிவியை எச்டிஎம்ஐ-யில் மாட்டிப் பார்க்கலாமே என்பார்கள். திரையில் தெரிவது செய்தியின் வால் மட்டும். நமக்கு வேண்டியது தலை. அது மேலே உருண்டு போயிருக்கும், உருட்டிப் பார்க்கக் கீபோர்டும் வேலை செய்யாது. நெட்கன்சோல் என்று ஒன்று உண்டு, செய்தியை யுடிபி-யில் வேறு கம்ப்யூட்டருக்கு அனுப்பும். அதற்கு ஒழுங்கான ஈதர்நெட் வேண்டும், மனையில் வயர் இல்லை. எனக்கு இன்றுவரை கைகொடுப்பது சீரியல் கன்சோல்தான். அந்தப் பாதையில் ஃபைல் சிஸ்டமும் இல்லை, நெட்வொர்க்கும் இல்லை. கெர்னல் ஒவ்வொரு எழுத்தாகக் காலில் தள்ளிவிடும். செத்துக்கொண்டே பேசத் தோதான வழி அது.

மாட்டுவது சுலபம். 6-ஆம் கால் கிரவுண்ட், 8-ஆம் கால் பை பேசுவது, 10-ஆம் கால் பை கேட்பது. யுஎஸ்பி டிடிஎல் கன்வெர்ட்டரில் கேட்கும் முனையை 8-லும் பேசும் முனையை 10-லும் போட வேண்டும். கன்வெர்ட்டர் 3.3 வோல்ட் லாஜிக்காக இருக்க வேண்டும். 5 வோல்ட்டைக் கொடுத்தால் பையின் கால் போய்விடும். கன்வெர்ட்டரோடு வரும் சிவப்பு வயரை எதிலும் மாட்டாமல் டேப் சுற்றிவிடுங்கள். கான்ஃபிக் ஃபைலில் யூஆர்ட்டை ஆன் செய்து, சிஎம்டிலைன் ஃபைலில் கன்சோலை சீரியல் பக்கம், 115200 வேகத்தில் என்று காட்ட வேண்டும். பை 3-லிருந்து ஒரு சிக்கல் உண்டு. நல்ல யூஆர்ட்டைப் புளூடூத் எடுத்துக்கொண்டது. நமக்கு மிச்சம் மினி யூஆர்ட். அதன் வேகம் சிப்பின் கோர் கிளாக்கோடு சேர்ந்து ஆடும். யூஆர்ட்டை ஆன் செய்தால் கோர் கிளாக்கைக் கட்டிப்போட்டுவிடுவார்கள்தான், ஆனாலும் நான் புளூடூத்தை முடக்கிவிட்டு நல்ல யூஆர்ட்டையே திரும்ப வாங்கிக்கொள்வேன். புழு மனையில் புளூடூத்தில் யார் பாட்டு கேட்கப் போகிறார்கள்? கூடவே கெர்னலின் செய்தி மட்டத்தை முழுக்க ஏற்றிவிடுங்கள். இல்லையென்றால் சின்ன எச்சரிக்கைகள் கன்சோலுக்கு வராது.

லேப்டாப்பை ஈர மனையில் நாள்கணக்கில் விட முடியாது. அலமாரியில் கிடந்த பழைய பை ஒன்றைச் சாட்சியாகப் போட்டேன். சீரியலில் வரும் ஒவ்வொரு வரிக்கும் தன் நேரத்தைப் போட்டு எழுதி வைக்கும். அதை பேட்டரியில் ஓடவிட்டு, நெட்டிலிருந்து நேரம் வாங்க வைத்தது முக்கியம். மோட்டார் எப்போது எடுத்தது, கெர்னல் எப்போது விழுந்தது என்று இரண்டையும் ஒரே கடிகாரத்தில் பார்க்கலாம். விட்டுவிட்டு வருவதற்கு முன் சிஸ்ரிக்யூ ட்ரிகர் ஃபைலில் 'சி' என்ற ஒரே எழுத்தை எழுதினேன். அது கெர்னலை வேண்டுமென்றே விழச் செய்யும் கட்டளை. சாட்சி ஒழுங்காக எழுதுகிறதா என்று தெரிந்துகொள்ள வேறு வழி இல்லை.

வாரக்கடைசியில் லாகை எடுத்துப் பார்த்தால் நிறைய விழுந்திருந்தது. ஒப்பிட்டுப் பார்க்கத் தோதாகப் பாதி நாள் பழைய கேபிளோடும் மீதி நாள் புது அடாப்டரோடும் ஓடவிட்டிருந்தேன். பழைய கேபிள் நாட்களில் ஒவ்வொரு கிராஷும் ஒவ்வொரு இடத்தில். ஒருமுறை எக்ஸ்ட்-4-க்குள், ஒருமுறை ஷெட்யூலரில், ஒருமுறை இனிட் செக்மென்டேஷன் ஃபால்ட்டில் செத்து, அதனால் கெர்னல் பேனிக். புது அடாப்டர் நாட்களில் விழுந்ததெல்லாம் ஒரே ஃபங்ஷனில், ஒரே ஆஃப்செட்டில்.

எனக்குத் தெரிந்து இந்தத் தொழிலில் மிகவும் பயன்படுகிற ஒரே ஒரு சோதனை இதுதான். வெவ்வேறு இடத்தில் விழுந்தால் வன்பொருள், ஒரே இடத்தில் விழுந்தால் மென்பொருள். அழுத்தம் குறைந்தால் பிட் எங்கே வேண்டுமானாலும் புரளும், அந்த நேரத்தில் எந்தக் கோட் ஓடியதோ அதன் தலையில் விழும். பிழையான கோட் அப்படி இடம் மாறாது. நினைவகம் கெடுக்கும் பிழைகள் இதற்கு விதிவிலக்கு. விடுவித்துவிட்ட இடத்தில் எழுதும் டிரைவர், சம்பந்தமே இல்லாத ஒருவனைக் கொன்றுவிட்டுத் தப்பித்துக்கொள்ளும். அப்படிச் சந்தேகம் வந்தால் ஸ்லப் டீபக்கை ஆன் செய்தால், விடுவித்த நினைவகம் முழுக்க 6பி என்ற பைட்டை நிரப்பி வைக்கும். கிராஷ் முகவரியில் 6பி6பி6பி என்று வரிசையாகத் தெரிந்தால் ஆள் சிக்கினான்.

ஒரே இடத்தில் விழுந்த அந்த ஊப்ஸை, அதாவது கெர்னலின் வாக்குமூலத்தை, கொஞ்சம் நிதானமாகப் படிப்போம். முதல் வரி, நல் பாயின்டரை அணுக முடியவில்லை என்றது. முகவரி முழுக்கப் பூஜ்ஜியம், கடைசியில் மட்டும் 10. சுத்தமான பூஜ்ஜியமாக இல்லாமல் ஏன் 10? பதினாறடிமான 10 என்பது 16 பைட். அதாவது கோட் ஒரு ஸ்ட்ரக்சரின் தொடக்கத்திலிருந்து 16 பைட் தள்ளி இருக்கும் உறுப்பைத் தேடிப் போயிருக்கிறது. ஸ்ட்ரக்சரின் முகவரியே பூஜ்ஜியம். எந்த உறுப்பு 16 பைட்டில் இருக்கிறது என்று பஹோல் கருவி சொல்லிவிடும்.

அடுத்து ஊப்ஸுக்குப் பக்கத்தில் சதுர அடைப்புக்குறிக்குள் ஒரு எண். 1 என்றிருந்தால்தான் அது முதல் ஊப்ஸ். 2, 3 என்று வருபவை முதல் விபத்தில் நடுங்கிப்போய் விழுந்தவை, அவற்றைப் படித்துக் காலத்தை வீணாக்க வேண்டாம். டிவித் திரையைப் போட்டோ எடுத்து அனுப்புகிறவர்கள் அனுப்புவது பெரும்பாலும் இந்த இரண்டாவது, மூன்றாவதைத்தான்.

அதற்கும் கீழே ஓடிக்கொண்டிருந்தது யார் என்ற வரி. பிஐடி 0, பெயர் ஸ்வாப்பர். சும்மா இருந்த சிபியு. அப்படியென்றால் எந்தப் புரோகிராமும் கூப்பிட்டு இது நடக்கவில்லை, டைமரோ இன்டர்ரப்டோ வந்து எழுப்பியிருக்கிறது. ஒரு புரோகிராமின் சார்பாகக் கெர்னல் ஓடும்போது ஊப்ஸ் வந்தால் அந்தப் புரோகிராமை மட்டும் கொன்றுவிட்டுக் கெர்னல் தட்டுத்தடுமாறி நடக்கப் பார்க்கும். இன்டர்ரப்டில் வந்தால் கொல்ல ஆளே இல்லை, நேரே பேனிக். அதே வரியில் 'டெயின்டட்' என்று போட்டுச் சில எழுத்துகள். சி என்றால் இன்னும் பக்குவப்படாத ஸ்டேஜிங் டிரைவர் ஏறியிருக்கிறது. பையில் அது சகஜம். ஓ என்றால் கெர்னலோடு வராத, வெளியிலிருந்து கொண்டுவந்து ஏற்றிய மாட்யூல். மாமாவின் பையில் அப்படி ஏற்றியது ஒன்றே ஒன்று: டாங்கிளின் டிரைவர்.

பிசி என்று தொடங்கும் வரியில் அந்த டிரைவரின் ஒரு ஃபங்ஷன் பெயர், கூட்டல் 44, வகுத்தல் கோடு, 190. ஃபங்ஷனின் மொத்த நீளம் 190 பைட், அதில் 44-ஆவது பைட்டில் விழுந்தது என்று அர்த்தம், இரண்டும் பதினாறடிமானத்தில். டீபக் தகவலோடு அதே மாட்யூலைத் திரும்பக் கட்டி, ஜிடிபி-யில் திறந்து, அந்த ஃபங்ஷன் கூட்டல் 44-ஐ லிஸ்ட் செய் என்றால் சோர்ஸில் வரி எண்ணோடு கொண்டுபோய் நிறுத்தும். கட்டும்போது அதே கெர்னல், அதே கம்பைலர், அதே கான்ஃபிக் வேண்டும். இதில் ஒன்று மாறினாலும் ஜிடிபி அடித்துச் சொல்லித் தவறான வரியைக் காட்டும்.

அங்கே இருந்தது ஒரு டைமர் ஃபங்ஷன். இணைப்பு எப்படி இருக்கிறது என்று அவ்வப்போது எழுந்து பார்க்கும். எழுந்ததும் யுஎஸ்பி சாதனத்தின் ஸ்ட்ரக்சரை எடுத்து, 16 பைட் தள்ளி இருப்பதைப் படிக்கும். டாங்கிளைப் பிடுங்கினால் ஓடுகிற ஃபங்ஷனைப் பார்த்தேன். அது முதலில் அந்த ஸ்ட்ரக்சரின் பாயின்டரைப் பூஜ்ஜியமாக்குகிறது, அப்புறம் மெதுவாக ஏதேதோ செய்துவிட்டு, கடைசியில் டைமரை நிறுத்துகிறது. இரண்டுக்கும் இடையில் டைமர் எழுந்துவிட்டால் கதை முடிந்தது. நிறுத்துவதை முன்னுக்குக் கொண்டுபோய், ஓடிக்கொண்டிருந்தால் முடியும் வரை காத்திருக்கிற வகை ஃபங்ஷனால் நிறுத்த வேண்டும். ஒரு வரி இடம் மாற்றம்.

எல்லாம் சரி, மனையில் டாங்கிளை யார் பிடுங்கினார்கள்? பூட்டிய மனை அது.

இங்கேதான் சாட்சி பை எழுதி வைத்த முந்தைய வரிகள் உதவின. ஊப்ஸுக்குச் சற்று முன்னால் யுஎஸ்பி ஹப்பிலிருந்து ஒரு செய்தி: போர்ட் 2-ஐ ஹப் முடக்கிவிட்டது, இஎம்ஐ-யோ?, திரும்ப ஆன் செய்கிறேன். அந்தக் கேள்விக்குறி நான் போட்டதில்லை, கெர்னலின் செய்தியிலேயே இருப்பது. மின்காந்த இரைச்சல்தான் காரணமாக இருக்குமோ என்று கெர்னலே ஊகித்துச் சொல்கிறது. அதற்கடுத்த வரி, யுஎஸ்பி சாதனம் கழன்றது. நேரத்தை ஒப்பிட்டால், அது மோட்டார் எடுத்த நேரமில்லை, நின்ற நேரம். ரிலே மோட்டாரைத் துண்டிக்கும்போது அதன் காயிலில் தேங்கியிருக்கும் ஆற்றல் ரிலேவின் முனைகளுக்கிடையே தீப்பொறியாகத் தாண்டும். அந்த ரிலேவுக்கு ஒட்டியே போகிறது டாங்கிளின் யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிள். நான் இழுத்ததில்லை, மாமாவின் எலக்ட்ரீஷியன் எல்லா வயரையும் அழகாக ஒரே டேகில் கட்டி வைத்திருந்தார்.

ஆக ஒரு மோட்டார் இரண்டு விதமாகக் கொன்றுகொண்டிருந்தது. எடுக்கும்போது அழுத்தத்தைச் சரித்துக் கண்ட இடத்தில். நிற்கும்போது பொறி கிளப்பி, டாங்கிளைக் கழற்றி, டிரைவரின் அந்த ஒரே வரியில். ஒரே இடத்தில் விழுந்தால் மென்பொருள் என்ற என் விதி இங்கே பொய்யாகவில்லை. ஆனால் பிழையைத் தூண்டிவிட்டது வன்பொருள். டிரைவரை மட்டும் திருத்தியிருந்தால் கிராஷ் நின்றிருக்கும், வைஃபை மட்டும் விட்டு விட்டுப் போய்க்கொண்டே இருந்திருக்கும். வயரிங்கை மட்டும் திருத்தியிருந்தால் இன்னொரு நாள் இடி மின்னலில் திரும்ப விழுந்திருக்கும்.

திருத்தத்தைச் சோதிக்க மனைக்குப் போய் மோட்டாரைப் போட்டுப் போட்டு அணைக்க வேண்டியதில்லை. சிஸ்எஃப்எஸ்ஸில் ஒவ்வொரு யுஎஸ்பி சாதனத்துக்கும் 'ஆதரைஸ்டு' என்று ஒரு ஃபைல் இருக்கிறது. அதில் 0 எழுதினால் கெர்னல் சாதனத்தைக் கழற்றியதாக எடுத்துக்கொள்ளும், 1 எழுதினால் மறுபடி மாட்டும். இன்னொரு பக்கம் நெட்வொர்க்கை முழு வேகத்தில் ஓடவிட்டு, இதை ஒரு லூப்பில் போட்டால் பழைய டிரைவர் மேஜையிலேயே மளமளவென்று விழுந்தது, அதே கூட்டல் 44-இல். புதியதை ராத்திரி முழுக்க ஓடவிட்டேன், விழவில்லை. மேஜையில் விழ வைக்க முடியாத கிராஷைத் திருத்திவிட்டதாகச் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. விழாமல் இருப்பது திருத்தத்தாலா அதிர்ஷ்டத்தாலா என்று அவர்களுக்கே தெரியாது. திருத்தத்தை டிரைவரின் சோர்ஸ் இருக்கும் இடத்துக்கும் அனுப்பிவைத்தேன்: கெர்னல் வெர்ஷன், போர்டு மாடல், முதல் ஊப்ஸ் முதல் வரியிலிருந்து கடைசி வரை, அதற்கு முந்தைய யுஎஸ்பி வரிகள், விழ வைக்கும் லூப், எல்லாவற்றோடும்.

மனையில் யுஎஸ்பி கேபிளைப் பிரித்துச் சுவரின் மறுபக்கமாகக் கொண்டுபோனோம். ரிலேவின் முனைகளுக்குக் குறுக்கே, மெயின் கரண்ட்டுக்கென்றே வரும் எக்ஸ்2 வகை 0.1 மைக்ரோஃபாரட் கண்டன்சரையும் 100 ஓம் ரெசிஸ்டரையும் தொடராகப் போட்டது பொறியைக் குடித்துவிட்டது. இஎம்ஐ-யோ என்ற வரி அப்புறம் வரவில்லை.

சாட்சி பையைத் திரும்ப எடுத்து வந்துவிட்டேன். அதற்குப் பதிலாக ராமூப்ஸை ஆன் செய்திருக்கிறேன். பையின் கெர்னலில் அதற்கு ஓவர்லேயே இருக்கிறது, ஒரு வரி சேர்த்தால் போதும். ராமில் ஒரு மூலையை ஒதுக்கி, சாகும்போது கடைசிச் செய்திகளை அங்கே எழுதி வைக்கும். கரண்ட் போகாமல் ரீபூட் ஆனால் பிஸ்டோர் டைரக்டரியில் ஃபைலாக வந்து உட்காரும். மாமா பிளக்கைப் பிடுங்கிச் செருகினால் போயிற்று. அதனால் சிஎம்டிலைனில் பேனிக் ஆனால் பத்து நொடியில் தானாக ரீபூட் ஆகச் சொல்லியிருக்கிறேன், அது கூட முடியாமல் உறைந்துபோனால் ஹார்டுவேர் வாட்ச்டாக். பையின் வாட்ச்டாக் அதிகபட்சம் ஏறக்குறைய 15 நொடிதான் பொறுக்கும், எனவே அதற்குள் அடங்கும்படி பேனிக் நேரத்தை வைக்க வேண்டும்.

ரீசெட் ஆனதும் கால்கள் எல்லாம் இன்புட்டாக மாறிவிடும், மோட்டார் தானாக நிற்கும் என்று நினைத்திருந்தேன். பாதி சரி. பிராட்காம் சிப்பில் ஜிபிஐஓ 0-விலிருந்து 8 வரை ரீசெட்டில் மேலே இழுக்கப்படும், 9-லிருந்து 27 வரை கீழே. மாமாவின் ரிலே போர்டு லோ வந்தால் ஆன் ஆகிற வகை, அதிலும் லேசாகக் கீழே இழுத்தாலே எடுத்துக்கொள்கிற ரகம். ரிலேவைக் கொடுத்திருந்தது ஜிபிஐஓ 17-இல். ஆக ஒவ்வொரு ரீபூட்டிலும், புரோகிராம் எழுந்து நிறுத்தச் சொல்லும் வரை, ஃபாகர் ஓடிக்கொண்டிருந்தது. வயரை 11-ஆம் காலிலிருந்து பிடுங்கி 29-ஆம் காலில், ஜிபிஐஓ 5-இல் மாட்டி, புரோகிராமில் ஒரு எண்ணை மாற்றினேன். இப்போது பை செத்துப் பிழைக்கிற நேரத்தில் மோட்டார் நிற்கிறது.